இருக்கை மாற்றும் நாள்

துடுப்பு வலிப்பவர்கள்
போகும் திசையைப் பார்ப்பதில்லை.
கண்ணெதிரே இருப்பது ஒரு முதுகு.
எட்டு மாதமாய் எனக்கு
டொவிலேயின் முதுகு.

வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம்,
பனியன் விளிம்பில் ஒளிந்தும் தெரிந்தும்.
ஒவ்வொரு வலிப்புக்கும் ஏறும், இறங்கும்.
என் அம்மாவின் முகத்தைவிட
அதை நன்றாக அறிவேன்.

கெட்டவளாய் இருந்திருந்தால் எளிதாயிருக்கும்.
மார்ச்சில் என் காலுறை நனைந்த காலையில்
பையிலிருந்த மாற்று ஜோடியை
என் மடியில் எறிந்தவள்.
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நான் பதினான்கு வயதில் படகேறியவள்.
அவள் கூடைப்பந்து சலித்து வந்தவள்.
புளித்த பாலாடை தொட்டு
ஆறு உருளைக்கிழங்கு அடை தின்றுவிட்டு
பயிற்சி இயந்திரத்தில் போய் உட்காருவாள்.
பதினோரு வருடத்தில் நான் தொட்ட நேரத்தை
நாலு நொடி கீழே தள்ளிவிட்டு
"ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது" என்பாள்.
பெருமைக்குச் சொல்வதில்லை.
நிஜமாகவே அவிழ்ந்திருக்கும்.
எரிந்தது அதுதான்.

அக்டோபர். கல்வே ஏரி.
கோட்டையின் இடுப்புவரை மூடுபனி.
இரண்டு படகு, படகுக்கு நால்வர்.
ஆயிரம் மீட்டர் ஓட்டி,
நடு ஏரியில் விளிம்போடு விளிம்பு பிடித்து,
மூன்றாம் இருக்கைக்காரிகளை மட்டும் மாற்ற வேண்டும்.
மறுபடி ஆயிரம்.
எவள் ஏறிய படகு வேகம் கூடுகிறதோ
அவளுக்கு இடம்.
ரிமான்டாஸ் மோட்டார் படகில் நின்றார்,
கழுத்தில் இரண்டு கடிகாரம்.
மீதி ஆறு பேரும் அவருக்கு எடைக்கற்கள்.
கல் பொய் சொல்லாது என்று
ஒரு நம்பிக்கை.

முதல் ஓட்டம். டொவிலே என் முன்னால்.
தாளம் தப்பவில்லை நான்.
அவளோடு விழுந்தது என் துடுப்பு,
அவளோடு எழுந்தது.
குதிகாலில் மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கொண்டேன்,
எடைக்கல்லின் அடியைக்
குடைந்து வைக்கும் கடைக்காரனைப்போல.
மிஞ்சிப்போனால் நூற்றில் ஐந்து.

பொறாமை என்று அப்போது தோன்றவில்லை.
பொறுப்பு என்றே நினைத்தேன்:
பதினோரு வருடத்துக்கு
நான் செய்ய வேண்டிய பொறுப்பு.

நீரைவிட்டு எழும் துடுப்பு
ஒரு சுழியை விட்டுப்போகும்.
என் சுழிகள் அன்று மெலிந்திருந்தன.
நாலு எண்ணுவதற்குள்
ஏரி அவற்றை அழித்தது.
மச்சம் ஏறியது, இறங்கியது.
அவள் கழுத்து சிவந்தது.
எனக்கும் சேர்த்து வலித்துக்கொண்டிருந்தாள்.

மாற்றினார்கள்.
ஸ்கைஸ்டே வந்து உட்கார்ந்தாள்.
இப்போது முழுக்கால், முழு இடுப்பு,
தொண்டையில் இரும்பின் ருசி ஏறும்வரை.

ஒன்று புள்ளி ஆறு நொடி.
ரிமான்டாஸ் காகிதத்தில் எழுதி
கொட்டகைக் கதவில் ஒட்டினார்.
சந்தோஷம் வந்தது.
வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.
பசித்த வயிற்றில் சூடாய் இறங்கும் சோறு மாதிரி.
ஊசிப்போனது என்று தெரிய
இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

படகு கழுவும்போது
குழாய் அவள் கையில், துணி என் கையில்.
"முதல் ஓட்டத்தில் படகு கனமாயிருந்தது,
உனக்குத் தெரிந்ததா?"
"இல்லையே."
"அப்போ நான்தான்" என்றாள்.
தண்ணீரை ஓடவிட்டபடி
தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
என் முதுகுக்குப் பின்னால்
ஔட்ரொனே உட்கார்ந்திருந்தாள்.
அவளுக்கு எதிரே இருந்தது என் முதுகு.
என் ஒவ்வொரு சுழியும்
அவள் பார்க்கத்தான் கரைந்தது.
அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.
திரும்பும் பேருந்தில்
கருப்பு ரொட்டியைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள்.
வாங்கித் தின்றேன்.

அவளும் பதினான்கில் படகேறியவள்.
அன்று அவள்
எவ்வளவு வலித்தாள் என்று
இதுவரை நான் கேட்டதில்லை.